பாலாற்றங்கரையின் எழுதப்படாத செலவுக் கணக்கு

ஒவ்வோர் ஆண்டும் இந்த மலரின் பிற்பகுதியில் நம் ஜமாஅத்தின் வரவு செலவுக் கணக்கு அச்சிடப்படுவதை உறுப்பினர்கள் அறிவர். சந்தா, கடை வாடகை, உண்டியல், நன்கொடை என்று வரவு ஒருபுறமும், ஊதியம், மின்கட்டணம், மராமத்து என்று செலவு மறுபுறமும் நிற்கும். ஒரு நூறு ரூபாய் இடம் மாறியிருந்தாலும் பொதுக்குழுவில் எழுந்து கேட்பதற்கு ஆளுண்டு. கணக்கு என்பதற்கு நாம் தரும் மதிப்பு அத்தகையது.

எனினும், எந்தத் தணிக்கையாளரும் கண்டுபிடிக்க முடியாத செலவு ஒன்று உண்டு. தொழில் நடத்துபவர் அதைக் கொடுப்பதில்லை. பொருளை வாங்குபவரும் கொடுப்பதில்லை. இவ்விருவரையும் அறியாத மூன்றாமவர் ஒருவர் தம் கிணற்றாலும் நிலத்தாலும் உடல்நலத்தாலும் அதைக் கொடுத்துக்கொண்டிருப்பார். பொருளியலார் இதற்குப் புறவிளைவு என்று பெயரிட்டுள்ளனர். பேரேட்டுக்குப் புறத்தே நிகழ்வது என்பது பொருள். இச்சொல்லை விளக்க அயல்நாட்டு எடுத்துக்காட்டுகளைத் தேடிப் போகவேண்டியதில்லை. நம் சமுதாயத்தார் பெரும் பங்கு வகித்த ஒரு தொழிலின் வரலாறே அதற்குப் போதுமானது. வட ஆற்காட்டுத் தோல் தொழிலையே குறிப்பிடுகிறோம்.

ஆவாரம் பட்டைக் காலம்

கர்நாடகத்தின் நந்தி மலைப் பகுதியில் தோன்றும் பாலாறு, ஆந்திரத்தைச் சிறிது தொட்டு, வாணியம்பாடிக்கு மேற்கே தமிழகத்துள் நுழைகிறது. ஆம்பூர், வேலூர், இராணிப்பேட்டை, காஞ்சிபுரம் எனக் கடந்து வயலூர் அருகே கடலில் கலக்கிறது. அதன் 348 கிலோமீட்டர் நீளத்தில் 222 கிலோமீட்டர் தமிழகத்தில் உள்ளது. ஆண்டின் பெரும்பகுதி அது வெண்மணற் பரப்பாகவே கிடக்கும். ஆனால் மணலுக்கடியில் நீரோட்டம் உண்டு. கரையோர ஊர்கள் மணலைத் தோண்டி ஊற்றுக்கால்கள் அமைத்தும், கிணறு வெட்டியும் அந்நீரைக் கொண்டே நெல்லும் கரும்பும் தென்னையும் வளர்த்தன. ஆற்றில் வெள்ளம் காணாத ஆண்டிலும் கிணற்றில் நீர் இருந்தது. இந்த அமைப்பை மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். பின்னர் நேர்ந்ததற்கெல்லாம் இதுவே திறவுகோல்.

அந்நீரும், சுற்றிலுமிருந்த தரிசுகளில் தானே வளர்ந்த ஆவாரஞ்செடியும், கால்நடை வளமும் சேர்ந்த இடத்தில் தோல் பதனிடும் தொழில் 19ஆம் நூற்றாண்டில் பெருகியது. 1856இல் ராயபுரத்திலிருந்து வாலாஜா வரை இருப்புப்பாதை திறக்கப்பட்டு, பின்னர் அது மேற்கே நீண்டபோது, தோல்கள் சென்னைத் துறைமுகத்தை அடைவது எளிதாயிற்று. ஆவாரம் பட்டைச் சாற்றிலும் கடுக்காயிலும் பல வாரங்கள் ஊறிப் பதமான தோல், கிழக்கிந்தியத் தோல் என்ற பெயரில் இலண்டன் சந்தையில் நன்மதிப்புப் பெற்றிருந்தது. சென்னை பெரியமேட்டுத் தோல் மண்டிகளிலும் ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம் ஆகிய ஊர்களின் தோல் ஷாப்புகளிலும் முஸ்லிம் வணிகர்கள் முன்னணியில் நின்றனர். தோலைத் தொடுவதை இழிவெனக் கருதி மற்றவர் விலகி நின்ற காலத்தில் நம்மவர் அத்தொழிலை ஏற்றனர். தலித் தொழிலாளரும் ஏழை முஸ்லிம் தொழிலாளரும் சுண்ணாம்புக் குழிகளில் இறங்கி உழைத்தனர்.

அத்தொழில் ஈட்டிய செல்வம் கல்வியாக மாறிய கதையை நாம் பெருமையுடன் சொல்லி வருகிறோம். அது தகுதியான பெருமையே. வாணியம்பாடி இஸ்லாமியாக் கல்லூரி 1919இல் எழுந்தது. மேல்விஷாரம் நவாப் சி. அப்துல் ஹக்கீம் சாஹிப் அவர்கள் தோல் வணிகத்தில் ஈட்டியதைச் சமயம் பாராமல் மருத்துவமனைகளுக்கும் பள்ளிகளுக்கும் வழங்கினார். அவர் பெயர் தாங்கிய கல்லூரி 1965இல் அவ்வூரில் தோன்றியது. தோல் வணிகப் பெருமகனாரான ஜமால் முஹம்மது சாஹிபின் பெயர் தாங்கித் திருச்சியில் 1951இல் கல்லூரி அமைந்தது. அக்கல்லூரிகளில் பயின்ற பிள்ளைகளின் அறிவால் அவர்களுக்கு மட்டுமன்றி ஊருக்கும் நன்மை விளைந்தது. பொருளியலார் மொழியில் இதுவும் புறவிளைவே. நன்மை தரும் புறவிளைவு. ஆதலால் இவ்வரலாற்றை எழுதுவோர் தோல் தொழிலைப் பழித்துவிட்டு எளிதில் நகர்ந்துவிட முடியாது.

பட்டைக் காலத்திலும் நாற்றம் இருந்தது. குழிநீர் ஓடைகளில் கலந்தது. ஆயினும் பட்டைச் சாறு காலப்போக்கில் மக்கக்கூடியது. ஷாப்புகளும் சிறியவை. மணலாறு அதனைத் தாங்கிக்கொண்டது.

நீலத் தோலும் உப்பும்

மாற்றம் இரு படிகளில் வந்தது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே சென்னை மாகாண அரசில் பணியாற்றிய ஆல்ஃபிரட் சாட்டர்டன் என்பார் குரோமியம் கொண்டு தோல் பதனிடும் முறையை இங்கு அறிமுகப்படுத்த முயன்றார். அது நெடுங்காலம் சிறு அளவிலேயே நடந்தது. 1948இல் சென்னையில் மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம் அமைந்த பின் தொழில்நுட்ப அறிவு பெருகியது. பெருந்திருப்பம் 1970களில் நேர்ந்தது. சீதாராமையா குழுவின் பரிந்துரையை ஒட்டி, பச்சைத் தோலை அப்படியே ஏற்றுமதி செய்வதை நடுவணரசு நிறுத்தியது. அரைப்பதத் தோலின் ஏற்றுமதிக்கும் வரம்பு கட்டியது. முழுதும் பதனிட்டு, சாயமேற்றி, காலணியாகவும் பையாகவும் செய்து விற்றால் நாட்டுக்கு அந்நியச் செலாவணி கூடும், வேலையும் பெருகும் என்பது நோக்கம். நோக்கம் நிறைவேறியது என்பதில் ஐயமில்லை.

ஆனால் முழுப்பதம் என்றால் வேதிப்பொருள். பட்டையில் வாரக்கணக்கில் ஊறிய தோல், குரோமியக் கரைசலில் ஓரிரு நாட்களில் பதமாகி நீல நிறம் பெற்றது. வழக்கமான முறையில் இட்ட குரோமியம் முழுவதையும் தோல் ஏற்பதில்லை. கணிசமான பகுதி கழிவுநீரோடு வெளியேறும். அதைவிடப் பெரிய தொல்லை நாம் அன்றாடம் உண்ணும் உப்பு. அறுத்த விலங்கின் தோல் அழுகாமலிருக்க அதன் எடையில் ஏறத்தாழ 40 விழுக்காடு அளவுக்கு உப்பிட்டு அனுப்புவர். ஷாப்பில் முதல் வேலை அந்த உப்பைக் கழுவி நீக்குவது. குரோமியத்தைச் சுண்ணாம்பிட்டுக் கசடாகப் படியவைத்துப் பிரிக்கலாம். நீரில் கரைந்த உப்பை அவ்வாறு பிரிக்க இயலாது. அது மணலுக்குள் இறங்கி, அடியோட்டத்தில் கலந்து, கிணறு கிணறாகப் பயணம் செய்யும்.

உப்பு ஏன் இவ்வளவு தாராளமாகப் பயன்பட்டது? மலிவாக இருந்ததால்தான். தோலைக் குளிர்பதனத்தில் வைக்கலாம். கழுவுமுன் உதறி உப்பின் ஒரு பகுதியைத் திரும்பப் பெறலாம். இவற்றுக்கெல்லாம் கூலியும் முதலும் வேண்டும். ஒரு மூட்டை உப்பின் விலையில் உப்பளத்துக் கூலி இருந்தது, வண்டி வாடகை இருந்தது, வணிகர் இலாபம் இருந்தது. ஐந்தாறு கல் தொலைவில் ஒருவரின் கிணறு உவர்த்துப் போவதற்கான விலை மட்டும் அதில் இல்லை. அந்த விலையும் சேர்ந்திருந்தால் உப்பை உதறும் கூலி மிக மலிவாகத் தோன்றியிருக்கும். புறவிளைவு என்ற கோட்பாடு முழுவதும் இந்த ஒரு மூட்டை உப்பில் அடங்கிவிடுகிறது.

கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஆர்தர் பிகூ 1920இல் வெளியிட்ட நூலில் இதைத்தான் கூறினார். தனியார் செலவும் சமூகச் செலவும் வேறுபடும் இடத்தில் சந்தை விலை பொய் சொல்லும். அந்த வேறுபாட்டின் அளவுக்கு அரசு வரி விதித்தால் விலை உண்மை பேசும் என்பது அவர் கருத்து. 1960இல் ரொனால்டு கோஸ் என்பார் வேறொரு கோணத்தில் வாதிட்டார். உரிமை யாருடையது என்பது தெளிவாக இருந்து, பேச்சுவார்த்தைக்குச் செலவும் இல்லையானால், இரு தரப்பாரும் தமக்குள் பேசியே தீர்வு காண்பர் என்றார். அவருக்கு 1991இல் நோபல் பரிசு கிடைத்தது. அதே 1991இல்தான் பாலாற்று வழக்கு உச்ச நீதிமன்றத்தை அடைந்தது. கோஸ் சொன்ன பேச்சுவார்த்தை பாலாற்றங்கரையில் நடந்திருக்குமா? ஒருபுறம் நூற்றுக்கணக்கான ஷாப்புகள். மறுபுறம் பல்லாயிரம் நிலக்காரர்கள். எந்த ஷாப்பின் உப்பு எந்தக் கிணற்றுக்குப் போயிற்று என்று எவராலும் சொல்ல முடியாது. நிலத்தடி நீரில் பெயர் எழுதியிருப்பதில்லை. கோஸ் அவர்களும் பேச்சுவார்த்தைக்குச் செலவு மிகும் இடங்களைப் பற்றித் தாமே எச்சரித்திருந்தார் என்பதை அவரை மேற்கோள் காட்டுவோர் பலர் மறந்துவிடுகின்றனர்.

பழைய நூல்களில் இதே வழக்கு

இச்சிக்கல் ஐரோப்பியப் பேராசிரியர்களுக்கு முதலில் தோன்றியதன்று. பிறருக்குத் தீங்கிழைப்பதை விலக்கும் நபிமொழியை அடிப்படையாகக் கொண்டு, அண்டை வீட்டார்க்கு இடையிலான வழக்குகளை ஃபிக்ஹு அறிஞர்கள் விரிவாக ஆராய்ந்துள்ளனர். மாலிக்கி மத்ஹபின் நூல்களில் மூன்று தீங்குகள் மீண்டும் மீண்டும் வரும்: குளியலகங்கள், அடுப்புகளின் புகை, நெற்களம் போன்ற கதிரடிக்கும் களங்களின் தூசி, தோல் பதனிடும் இடத்தின் நாற்றம். துனிஸ் நகரில் 14ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த இப்னு அர்ராமி என்ற கட்டடக் கலைஞர், காஜிகளின் அவையில் நிபுணராக இருந்து கண்ட இத்தகைய வழக்குகளைத் தொகுத்து நூலே எழுதினார். சுவர் யாருடையது, சாளரம் எங்கே திறக்கலாம், தீங்கு பழமையானதானால் அதற்கு உரிமை பிறந்துவிடுமா என்றெல்லாம் அதில் விவாதம் நடக்கிறது. நான் முதலில் வந்தேன், நீ பின்னர் வீடு கட்டினாய் என்ற வாதம் அங்கும் உண்டு. நம் ஊர்களிலும் அதே வாதத்தை நாம் கேட்டதுண்டு.

இங்கே கவனிக்கத்தக்க ஒரு நுட்பம் இருக்கிறது. அந்நூல்கள் இதனைத் தர்மத்தின் கீழ் வைக்கவில்லை. உரிமை வழக்கின் கீழ் வைத்தன. பாதிக்கப்பட்டவர் கை நீட்டி யாசிப்பவராக வரவில்லை. தமக்குச் சேரவேண்டியதைக் கேட்பவராக வருகிறார். ஒருவர் கல்லூரிக்கு ஒரு கோடி கொடுத்திருக்கலாம். அதனால் அண்டை வீட்டாரிடம் பட்ட கடன் தீர்ந்துவிடாது. மனிதர்க்கு மனிதர் செலுத்த வேண்டிய கடனை மற்ற நற்செயல்கள் ஈடு செய்யா என்பது நமக்குச் சிறுவயதிலேயே கற்பிக்கப்படும் பாடம். கொடை பெற்றவர் ஒருவர். கிணறு கெட்டவர் வேறொருவர். பாலாற்று வரலாற்றில் இவ்விரு பத்திகளும் நெடுங்காலம் ஒன்றாகக் குழப்பப்பட்டன. இவ்வளவு செய்த தொழிலை இப்படிக் குறை சொல்லலாமா என்ற மனத்தாங்கல் இன்றும் சிலரிடம் உண்டு. அம்மனத்தாங்கல் புரிந்துகொள்ளக்கூடியதே. ஆனால் அது கேள்விக்கு விடையாகாது.

1996 தீர்ப்பு

வேலூர் குடிமக்கள் நல மன்றம் 1991இல் தொடுத்த பொதுநல வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்டு 28 அன்று தீர்ப்பளித்தது. நீதியரசர்கள் குல்தீப் சிங், ஃபைஜானுத்தீன், கே. வெங்கடசாமி ஆகியோர் அமர்ந்த ஆயம் அது. வேளாண் பல்கலைக்கழகத்தின் வேலூர் ஆய்வு மையம் நடத்திய மதிப்பீட்டின்படி, தோல் தொழில் நடைபெறும் பகுதியில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ பயிரிடத் தகுதியற்றுப் போயிருந்தது. அப்போது ஐந்து மாவட்டங்களில் 900க்கும் மேற்பட்ட தோல் ஷாப்புகள் இயங்கின. திண்டுக்கல் பகுதியில் 13 சிற்றூர்களில் எடுத்த கணக்கில் 467 கிணறுகளுள் 350 கெட்டிருந்தன. பெண்களும் சிறுவர்களும் குடிநீருக்குக் கல் கணக்கில் நடந்தனர்.

தோல் தொழில் நாட்டுக்கு அந்நியச் செலாவணி ஈட்டித்தரும் முதன்மைத் தொழில் என்பதை நீதிமன்றம் ஏற்றது. ஏற்றுக்கொண்டே, அக்காரணத்துக்காகச் சுற்றுச்சூழலை அழிக்கும் உரிமை அதற்கு இல்லை என்றது. முன்னெச்சரிக்கைக் கோட்பாடும், மாசுபடுத்தியவரே ஈடு செய்யவேண்டும் என்ற கோட்பாடும் இந்நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று அறிவித்தது. இந்தியச் சுற்றுச்சூழல் சட்டத்தைப் படிக்கும் மாணவர் எவரும் இன்றளவும் கடந்து செல்லமுடியாத தீர்ப்பு இது. சட்டப் புத்தகங்களில் வேலூரின் பெயர் நிலைபெற்றுவிட்டது.

ஆணைகள் கடுமையாக இருந்தன. ஒவ்வொரு ஷாப்பும் 10,000 ரூபாய் அபராதம் கட்டவேண்டும். பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தில் சேரவேண்டும் அல்லது தனக்கெனச் சுத்திகரிப்புக் கருவி அமைக்கவேண்டும், தவறினால் மூடவேண்டும். ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி தலைமையில் ஓர் ஆணையம் அமைத்து, இரு தலைப்புகளில் இழப்பீடு கணக்கிட வேண்டும்: பாதிக்கப்பட்டோருக்கு ஒன்று, கெட்டுப்போன நிலத்தையும் நீரையும் மீட்பதற்கு மற்றொன்று. சென்னை உயர் நீதிமன்றத்தில் பசுமை ஆயம் ஒன்று அமையவும் இத்தீர்ப்பே வழிவகுத்தது.

மூடப்பட்ட ஷாப்புகளில் கூலி வேலை செய்தவர்களை இவ்விடத்தில் மறந்துவிடலாகாது. பெரிய முதலாளிகள் கருவி அமைத்துத் தொடர்ந்தனர். சிறு ஷாப்புகள் திணறின. வாரக்கூலியில் வாழ்ந்தவர் பாதித்த நிலக்காரருமல்லர், இலாபம் கண்ட முதலாளியுமல்லர். ஆணையத்தின் இழப்பீட்டுப் பட்டியலில் அவருக்கு இடமில்லை. விலை நெடுங்காலம் பொய் சொல்லி, ஒருநாள் திடீரென உண்மை பேச நேரும்போது, அந்த அதிர்ச்சி மிகவும் எளியவர் மீதே முதலில் விழுகிறது. தாமதத்தின் செலவு என்று இதனைச் சொல்லலாம். 1975இலேயே சிறிது சிறிதாக விலையில் ஏற்றியிருந்தால் 1996இல் கதவடைப்பு நேர்ந்திராது.

ஜெர்மனி சொன்னால் கேட்டது

இவ்வளவு நாள் ஏன் ஆயிற்று என்ற கேள்விக்கு, மாற்றம் தொழில்நுட்ப வழியில் இயலாததாக இருந்தது என்று சிலர் விடை கூறுவர். அவ்விடையைச் சோதித்துப் பார்க்க வரலாறே ஒரு வாய்ப்பை வழங்கியுள்ளது.

தோலில் பூஞ்சை பிடிக்காமலிருக்கப் பென்டாகுளோரோபீனால் என்ற நச்சுப்பொருளை ஷாப்புகள் பயன்படுத்தி வந்தன. ஜெர்மனி 1989இல் அதற்குத் தடை விதித்தது. அப்பொருள் சிறிதளவுக்கு மேல் தென்பட்ட தோலை வாங்க மறுத்தது. தமிழகத் தோல் தொழிலுக்கு ஜெர்மனி முக்கியச் சந்தை. மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம் மாற்றுப் பொருள்களை ஆராய்ந்து அறிவுரை வழங்க, ஷாப்புகள் விரைவிலேயே மாறிக்கொண்டன. 1994இல் சிலவகைச் சாயங்களுக்கு ஜெர்மனி தடை விதித்தபோதும் அவ்வாறே நடந்தது.

ஒப்பிட்டுப் பார்க்கலாம். காலணியை அணியும் ஜெர்மானியரின் பாதத்துக்குத் தீங்கு என்றால் ஓரிரு ஆண்டுகளில் பொருள் மாறிவிட்டது. அண்டை ஊர்க்காரரின் கிணற்றுக்குத் தீங்கு என்றபோது பல பத்தாண்டுகள் கழிந்தன. ஜெர்மானியர் விலை கொடுப்பவர்; வேண்டாம் என்றால் ஒப்பந்தம் முறியும். கிணற்றுக்காரர் வாடிக்கையாளர் அல்லர். அவர் வேண்டாம் என்று சொல்வதற்கு ஓர் இடமே இருக்கவில்லை. தொழில் செய்தவர்கள் மனம் கல்லானவர்கள் என்று இதற்குப் பொருள் கொள்ளவேண்டியதில்லை. அவர்களுள் பலர் அதே ஊரில் வாழ்ந்து அதே நிலத்தடி நீரைக் குடித்தவர்கள். தனியொருவர் மட்டும் உப்பைக் குறைத்தால் அவர் செலவு கூடும். மற்ற நூறு பேரின் உப்பால் கிணறு எப்படியும் உவர்க்கும். இந்நிலையில் நல்லவரும் கையைக் கட்டிக்கொண்டிருக்க நேரும். பொதுநீர் போன்ற பொதுப்பண்டங்களைத் தனிமனித நற்குணத்தை மட்டும் நம்பிக் காக்க முடியாமைக்கு இதுவே காரணம்.

பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள்

சிறு ஷாப்பு ஒவ்வொன்றும் தனித்தனியே சுத்திகரிப்பு நிலையம் அமைப்பது இயலாது. ஆதலால் பல ஷாப்புகள் கூடி ஒரு நிலையம் அமைக்கும் திட்டத்துக்கு அரசு உதவியது. முதலீட்டில் நடுவணரசு 25 விழுக்காடு, மாநில அரசு 25 விழுக்காடு, வங்கிக் கடன் 30 விழுக்காடு, ஷாப்புகளின் பங்கு 20 விழுக்காடு என்பது ஏற்பாடு. வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, மேல்விஷாரம், இராணிப்பேட்டை என ஊர்தோறும் இவை எழுந்தன. மாசுபடுத்தியவரே செலவை ஏற்கவேண்டும் என்ற கோட்பாட்டோடு இந்த விழுக்காடுகளை வைத்துப் பார்த்தால் ஒரு முரண் தெரியும். முதலீட்டில் பாதியை வரி செலுத்தும் பொதுமக்களே ஏற்றனர். அவர்களுள் கிணறு கெட்டவரும் அடக்கம். எனினும் இவ்வுதவி இல்லையேல் சிறு ஷாப்புகள் அடியோடு அழிந்திருக்கும் என்பதும் உண்மை. நமக்குத் தோன்றுவது, முதலீட்டுக்கு உதவியது தவறன்று. பின்னர் நாள்தோறும் நிலையத்தை ஒழுங்காக இயக்குவதைக் கண்காணிக்காமல் விட்டதே பெருங்குறை.

தொடக்க கால நிலையங்கள் குரோமியத்தையும் அழுகும் பொருளையும் பெருமளவு குறைத்தன. உப்பை அவற்றால் ஒன்றும் செய்ய இயலவில்லை. நீரில் கரைந்த உப்புகள் லிட்டருக்கு 2,100 மில்லிகிராமுக்கு மேற்படலாகாது என்பது விதி. தோல் கழிவுநீரில் அது பல மடங்கு. 2000க்குப் பிந்திய ஆண்டுகளில் எதிர்மறைச் சவ்வூடு பரவல் முறையும் ஆவியாக்கும் கலன்களும் சேர்க்கப்பட்டு, நீரை மீட்டுத் திரும்பப் பயன்படுத்தும் முறை வந்தது. நீர் மீண்டது. எஞ்சிய கலப்பு உப்பு மூட்டை மூட்டையாகக் கொட்டகைகளில் குவிந்தது. அதை வாங்குவார் இல்லை, கொட்டுவதற்கும் இடமில்லை. செலவு மறையவில்லை, இடம் மாறி அமர்ந்துகொண்டது.

இராணிப்பேட்டையில் 1990களின் நடுவில் மூடப்பட்ட குரோமேட் தொழிற்சாலை ஒன்று, ஒரு லட்சம் டன்னுக்கும் மேற்பட்ட குரோமியக் கழிவை விட்டுச் சென்றது. கதவு மூடிய பின் கேட்பதற்கு முதலாளி இல்லை. கழிவு மட்டும் மழைதோறும் கரைந்தது. 2015 ஜனவரி இறுதியில் அதே ஊர்த் தொழிற்பேட்டையில் சுத்திகரிப்பு நிலையத்தின் கசடுத் தொட்டிச் சுவர் இடிந்தது. பக்கத்துத் தோல் ஷாப்பில் இரவு உறங்கிக்கொண்டிருந்த தொழிலாளர்கள் உள்ளிட்ட 10 பேர் கசடில் மூழ்கி உயிரிழந்தனர். பிழைப்புக்காகத் தொலைவிலுள்ள மேற்கு வங்கத்திலிருந்து வந்தவர்கள் அவர்களுள் மிகப் பெரும்பாலோர். இன்னா லில்லாஹி வ இன்னா இலைஹி ராஜிஊன்.

பாலாற்றின் நலிவுக்குத் தோல் தொழில் ஒன்றே காரணம் என்று கூறுவது நேர்மையாகாது. மேல்நிலை மாநிலங்களின் தடுப்பணைகளும், கட்டுக்கடங்காத மணற்கொள்ளையும், நகராட்சிச் சாக்கடைகளும் தத்தம் பங்கைச் செய்துள்ளன. மணல் போனபின் நீரைப் பிடித்து வைக்கும் பஞ்சும் போயிற்று. இறுதியில், ஆற்றங்கரையில் அமைந்த இந்நகரங்களுக்கு மேட்டூர்க் காவிரி நீரைக் குழாய் வழியே கொண்டுவர அரசு பெரும்பொருள் செலவிட்டது. அச்செலவும் எந்த ஷாப்பின் பேரேட்டிலும் இல்லை.

மாதம் நூறு ரூபாய்

தீர்ப்பு ஆணையிட்ட ஆணையம் தன் கணக்கை 2001 மார்ச் 7 அன்று வெளியிட்டது. வேலூர் மாவட்டத்தில் 15,164.96 ஹெக்டேர் நிலம் கெட்டது, பாதிக்கப்பட்டோர் 29,193 பேர், இழப்பீடு செலுத்தவேண்டிய ஷாப்புகள் 547, தொகை 26 கோடியே 82 லட்சம் ரூபாய் என்று அது கண்டது. 1991 ஆகஸ்டு முதல் 1998 டிசம்பர் வரைக்கான இழப்பு அது.

நம் ஜமாஅத்தார் கணக்கில் வல்லவர்கள். சேர்ந்தே வகுத்துப் பார்ப்போம். ஷாப்பு ஒன்றுக்குச் சராசரி 4 லட்சத்து 90 ஆயிரம் ரூபாய். பாதிக்கப்பட்டவர் ஒருவருக்குச் சராசரி 9,200 ரூபாய்க்குச் சற்றுக் குறைவு. அதை ஏறத்தாழ ஏழரை ஆண்டுக்குப் பங்கிட்டால் மாதத்துக்கு நூறு ரூபாய்ச் சொச்சம். ஒரு குடும்பத்தின் தென்னந்தோப்பும் கிணறும் உவர்த்துப் போனதற்கு மாதம் நூறு ரூபாய். தொழில் தாங்கமுடியாத சுமை என்று இதனைச் சொல்வதற்கில்லை. பாதிக்கப்பட்டவருக்குப் போதுமானது என்றும் சொல்வதற்கில்லை. இவ்வளவு சிறிய தொகைகூட அனைவருக்கும் முழுமையாகச் சென்று சேரவில்லை. 1998க்குப் பிந்திய இழப்புக்கு என்ன வழி என்ற கேள்வியும், விடுபட்டோர் கோரிக்கைகளும் சேர்ந்து கொண்டன. 2009 ஆகஸ்டில் மற்றொரு தீர்வு வெளியிடப்பட்டது. வழக்கு உயர் நீதிமன்றம், உச்ச நீதிமன்றம் என்று மீண்டும் நடந்தது.

இதற்கிடையே 2019இல் வேலூர் மாவட்டமே மூன்றாகப் பிரிந்தது. வாணியம்பாடியும் ஆம்பூரும் திருப்பத்தூர் மாவட்டத்துக்குப் போயின. இராணிப்பேட்டை தனி மாவட்டமாயிற்று. பழைய கோப்பில் இருந்த ஒரு பட்டியல் மூன்று ஆட்சியர் அலுவலகங்களின் பொறுப்பாயிற்று.

2025 ஜனவரி 30 அன்று உச்ச நீதிமன்றத்தில் நீதியரசர்கள் ஜே.பி. பார்திவாலா, ஆர். மகாதேவன் ஆகியோர் அளித்த தீர்ப்பு, இழப்பீடு கிடைக்காதவர்க்கு ஆறு வாரங்களுக்குள் மாநில அரசே முதலில் வழங்கிவிட வேண்டும் என்றது. அதன்பின் அத்தொகையை மாசுபடுத்தியவரிடமிருந்து அரசு வசூலித்துக்கொள்ள வேண்டும். முன்னாள் உயர் நீதிமன்ற நீதிபதி தலைமையில் குழு அமைத்து, நிலத்தையும் நீரையும் மீட்கும் பணியைத் தொடர்ந்து கண்காணிக்கவும் அது ஆணையிட்டது. வசூல் ஆகும் வரை பாதிக்கப்பட்டவர் காத்திருக்க வேண்டியதில்லை என்பது இத்தீர்ப்பின் புதுமை. கடன்பட்டவரைத் தேடும் வேலை இனி அரசுடையது.

2001ஆம் ஆண்டுப் பட்டியலுக்கும் இத்தீர்ப்புக்கும் இடையே ஏறத்தாழ 24 ஆண்டுகள். அன்று அறுபது வயதில் பெயர் கொடுத்த ஒரு விவசாயிக்கு இத்தீர்ப்பின்போது ஏறத்தாழ எண்பத்து நான்கு வயது. பட்டியலில் உள்ள பலருக்கு வாரிசுச் சான்று பெற்றே தொகை வழங்கவேண்டி வரும். ஷாப்புகளிலும் பல கை மாறிவிட்டன. சில பங்குதாரர்கள் பிரிந்தன. சிலவற்றை நடத்தியவர்கள் மறைந்து, சொத்து மக்களிடம் வந்துள்ளது. மறைந்தவரின் சொத்தைப் பங்கிடுமுன் அவர் பட்ட கடனைத் தீர்க்கவேண்டும் என்ற நம் வாரிசுரிமைச் சட்டம் அறிந்தவர்களுக்கு, 547 பெயர்கள் கொண்ட அந்தப் பட்டியலில் தம் தந்தையின் ஷாப்பு இருக்கிறதா என்று பார்ப்பது கடினமான வேலையன்று. பட்டியல் அரசிடம் உள்ளது.